பி-36: சோவியத்தின் கடைசிப் பயணி நீராவி இன்ஜின்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சோவியத் ஒன்றியத்தின் பயணி ரயில்கள் பெரிதும் இரண்டு வகை இன்ஜின்களை நம்பியிருந்தன. 1920களின் நடுவில் வந்த ‘எஸ்யூ’ பெரும்பாலான பாதைகளில் ஓடும். நீளமான விரைவு வண்டிக்கு அதன் வலு போதாது. 1932இல் வந்த ‘ஐஎஸ்’, அதாவது யோசிஃப் ஸ்டாலின், வலுவில் குறைவில்லாதது. ஆனால் அதன் ஒவ்வோர் இயக்க அச்சும் 20 டன்னுக்கு மேல் தண்டவாளத்தை அழுத்தியதால், கனமான தண்டவாளம் போட்ட தடங்களில் மட்டுமே அதை ஓட்ட முடிந்தது.

ஐஎஸ்ஸின் வலு வேண்டும், அச்சுக்கு 18 டன்னைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு கொலோம்னா ரயில் இன்ஜின் ஆலையில் வடிவமைப்பாளர் லெவ் லெபெதியான்ஸ்கியின் குழு வேலையில் இறங்கியது. பெரிய கொதிகலனின் எடையைக் குறைக்க வழியில்லை. ஆனால் அதைக் கூடுதல் அச்சுகள் பகிர்ந்து சுமக்க வைக்கலாம். ஐஎஸ்ஸில் முன்னால் ஓர் அச்சுதான் இருந்தது. புதிய இன்ஜினில் முன்னால் இரண்டு, நடுவில் நான்கு இயக்க அச்சுகள், பின்னால் இரண்டு. 1950இல் முதல் பி-36 வெளிவந்தது. திட்டமிட்ட வேகம் மணிக்கு 125 கிலோமீட்டர்.

உள்ளமைப்பும் புதிது. எல்லா அச்சுகளிலும் உருளைத் தாங்கிகள் பொருத்தப்பட்டதால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது உராய்வு வெகுவாகக் குறைந்தது. இத்தனை பெரிய அடுப்புக்கு ஒருவர் கரண்டியால் கரி அள்ளிப் போட்டு மாளாது. இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரி சுமக்கும் டெண்டர் பெட்டியின் அடியில் சுழலும் திருகு ஒன்று நிலக்கரியை முன்னே தள்ளிக்கொண்டு வரும். அடுப்பு வாயில் நீராவிப் பீச்சல் அதை உள்ளே சிதறடிக்கும். ஃபயர்மேனின் முதுகை மிச்சப்படுத்தியது இந்த ஏற்பாடுதான். நாற்புறமும் மூடிய ஓட்டுநர் அறை, ரஷ்யக் குளிருக்கு அவசியமான வசதி.

பச்சை உடலின் பக்கவாட்டில் ஓடிய சிவப்புப் பட்டை, ராணுவ அதிகாரியின் காற்சட்டைக் கோட்டை நினைவூட்டியது. ரயில்வேக்காரர்கள் அதை ‘ஜெனரல்’ என்றே அழைத்தார்கள்.

தொடர் தயாரிப்பு 1954இல்தான் சூடுபிடித்தது. இன்ஜினில் சொல்லும்படியான குறையில்லை. வந்த காலம்தான் பிந்திவிட்டது. 1956 பிப்ரவரியில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆவது மாநாடு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவதென முடிவெடுத்தது. அதே ஆண்டில் 251ஆவது பி-36 கொலோம்னாவிலிருந்து வெளியேறியதும் அந்த வகையின் தயாரிப்பு நின்றது. மாஸ்கோ–லெனின்கிராட் தடத்தில் விரைவு வண்டிகளை இழுத்தவை படிப்படியாகக் கிழக்கே அனுப்பப்பட்டு, 1970களிலும் சைபீரியப் பகுதியில் பயணி ரயில்களை இழுத்தன. சில இன்ஜின்கள் ரஷ்ய ரயில் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன.