தூக்கிய திருவடி

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்குப் பழைய பட்டணவாசிகள் 'செத்த காலேஜ்' என்று நாமகரணம் செய்திருந்தார்கள். அங்கே திருவாலங்காட்டு நடராஜ மூர்த்தியின் முன் நாம் மெய்ம்மறந்து நின்றிருந்த வேளையில், ஒரு சிறுவன் தன் தகப்பனாரைக் கேட்டான்: "அப்பா! ஸ்வாமி ஏன் ஒரு குழந்தையை மிதித்துக்கொண்டு நிற்கிறார்?"

தகப்பனார் ஒரு கணம் திகைத்தார். "ஸ்வாமியைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்லி, பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தினந்தோறும் கைகூப்பி வணங்கும் உருவத்தின் பொருளை நம்மில் எத்தனை பேர் விசாரித்து அறிந்திருக்கிறோம்?

இத்தனைக்கும் அது மூடிவைத்த ரகசியமன்று. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றாகிய 'உண்மை விளக்க'த்தில், திருவதிகை மனவாசகங்கடந்தார் அதைத் தெள்ளத் தெளியச் சொல்லியிருக்கிறார். வலது மேற்கரத்தில் உடுக்கை. அதன் ஒலியிலிருந்து பிறப்பது சிருஷ்டி. அமைந்த கரத்தின் அபயம், காத்தல். இடது மேற்கரத்தின் அக்கினி, அழித்தல். ஊன்றிய பாதம், மறைத்தல். தூக்கிய திருவடியோ அருள். ஐந்தொழிலும் ஒரே மூர்த்தியில் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. வீசிய இடக்கரம் யானைத் துதிக்கையைப் போல் வளைந்து, "இதோ புகலிடம்" என்று தூக்கிய திருவடியையே காட்டுகிறது. சுற்றிலும் உள்ள திருவாசி ஓங்காரம். வலச் செவியில் ஆடவர் அணியும் குழை, இடச் செவியில் பெண்டிர் அணியும் தோடு. சிவமும் சக்தியும் வேறல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

இந்த அழகை மேனாட்டார் அறியாமல் இல்லை. இலங்கையில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1912-ல் எழுதிய கட்டுரை உலகத்தின் கண்ணைத் திறந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான், சென்னையிலிருந்து சென்ற புகைப்படங்களை மாத்திரம் பார்த்தே 1913-ல் வியந்து எழுதினார். அணுவின் உள்ளே ஆராயும் ஜினீவா விஞ்ஞானக் கூடத்தின் முற்றத்திலும், பாரத அரசாங்கம் அளித்த நடராஜர் 2004 முதல் நிற்கிறார்.

ஆனால் வியப்போடு விலையும் ஏறியது. தஞ்சைத் தரணியில் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட நடராஜர், கள்ளத்தனமாகக் கடல் கடந்து லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்நாட்டு நியாயஸ்தலத்தில் வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டென்று தீர்ப்பாகி, 1991-ல் பெருமான் தாய்நாடு திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜரோ ஆஸ்திரேலியா வரை யாத்திரை போய் 2014-ல் மீண்டார். திருடனுக்கு அது விலையுள்ள உலோகம், வாங்கியவர்களுக்குக் கலைப்பொருள். நமக்கு அது என்ன? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத வீட்டில், விக்கிரகம் பூஜை அறையிலேயே இருந்தாலும் பாதி களவு போனதுதான்! இழந்த மூர்த்திகளை அரசாங்கம் வழக்காடி மீட்கலாம். இழந்த பொருளை மீட்கத் தாயும் தந்தையுமே முன்வர வேண்டும்.

அந்தச் சிறுவனை மறுபடியும் சந்தித்தால் நாம் சொல்லக்கூடியது இதுதான்: "தம்பி! அது குழந்தையன்று; முயலகன். 'நான், எனது' என்று நமக்குள்ளே துள்ளுகிற ஆணவம் அவன். உருவத்தில் சிறியவன், சேஷ்டையில் பெரியவன். ஸ்வாமி அவனைக் கொல்லவில்லை, தலையெடுக்க வொட்டாமல் அடக்கி வைத்திருக்கிறார். அவன்மேல் ஒரு கால் ஊன்றியிருப்பதால்தான், நமக்காக மற்றொரு கால் தூக்கியிருக்கிறது!"

பையன் அதற்கு மேலும் கேள்வி கேட்பான். கேட்கட்டும், அவன் தகப்பனாரும் நாமும் சேர்ந்தே விடை தேடுவோம்.