கறுப்பா, செவப்பா?

லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ஆணா, பொண்ணா?" அடுத்தது, "கறுப்பா, செவப்பா?" பிறகு மூக்கு எடுப்பாக வரட்டும் என்று குளிப்பாட்டும்போது நீவி விடுகிறோம். வளர்ந்ததும் "கருவாச்சி", "குண்டன்", "பல்லன்" என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம். "சும்மா வெளையாட்டுக்குத்தானே" என்கிறோம். பிள்ளைக்கு அது விளையாட்டு அல்ல.

சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

நன்றாகவே விளங்கும். கறுப்பின மக்கள் நிறத்தால் ஒதுக்கப்பட்டிருந்த அமெரிக்காவில், 1940ஆம் ஆண்டுகளில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியினர் ஓர் ஆய்வு செய்தார்கள். 3 முதல் 7 வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்பு நிறப் பொம்மையையும் காட்டினார்கள். கூடுதலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மைதான் நல்லது என்றார்கள். "உன்னைப்போல இருப்பது எது?" என்று கேட்டதும் சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். இதை யாரும் அவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. சுற்றி இருந்தவர்களைப் பார்த்தே படித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகளும் நம்மைப் பார்த்தே படிக்கிறார்கள்.

நிறம் எப்படி வருகிறது?

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அது எவ்வளவு இருக்கும் என்பது தாய் தகப்பன் வழியாக வருவது. கர்ப்பிணித் தாய் குங்குமப்பூப் பால் குடித்தாலும் அது மாறாது. வெளுப்பாகப் பிறந்த பிள்ளை சில வாரங்களில் நிறம் கூடுவதும் இயல்புதான். வெயிலில் மலையில் நின்று கொழுந்து எடுக்கும் நமக்கு மெலனின் ஒரு குடை மாதிரி.

கிறீமில் இருக்கும் ஆபத்து

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். அம்மா மட்டும் பூசினாலும் கை, துவாய், தலையணை உறை வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை 2025க்குள் நிறுத்த வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. ஆனாலும் களவாக விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அப்பாயி, அம்மாயி, மாமா எல்லோரிடமும் இதைச் சொல்லி வைப்போம்.

2. "தங்கச்சி செவப்பு, அக்கா கறுப்பு" என்று பிள்ளைகள் முன்னால் ஒப்பிட வேண்டாம்.

3. எங்கே செய்தது, என்ன கலந்தது என்று எழுதாத கிறீமை வாங்க வேண்டாம். ஏற்கனவே பூசியிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

4. கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து அட்டையில் குறிக்கும்போது, கோடு மேலே போகிறதா என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். பிள்ளை நன்றாக வளர்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லும். பிள்ளையின் நிறத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை.