ஒரே மாலையில் மூன்று வேஷம்

இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு மாகிம் ஸ்டேஷனில் லோக்கலை விட்டு இறங்கித் தாராவிப் பக்கம் நடக்கும் கூட்டத்தில், ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவதைச் சில வாரங்களாகப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு நிமிஷம் யாரையோ பிடித்து விளாசுகிறாள். அடுத்த நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு, ஈனஸ்வரத்தில் "சரிங்கம்மா" என்கிறாள். 'நல்ல பிள்ளை, என்ன ஆச்சோ' என்று ஒரு காய்கறிக்காரர் பரிதாபப்பட்டாராம்.

ஒன்றும் ஆகவில்லை. பாடம் படிக்கிறாள். நாடகப் பாடம்!

அந்தேரி பக்கத்தில் உள்ள ஒரு நாடகப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருஷப் படிப்பு. வருஷக் கடைசியில் பரீட்சைக்குப் பதிலாக மேடையேற வேண்டும். இந்தத் தடவை முழு நீள நாடகம் இல்லை. சின்னச் சின்ன நாடகங்களாகச் சேர்த்து ஒரே மாலையில் போடுகிறார்கள். இவளுக்கு அதில் மூன்று வேஷம். பெயரைப் போட வேண்டாம் என்பது தாயாரின் நிபந்தனை. ஏன் என்பது படித்துக்கொண்டு போனால் தெரியும்.

வயது 22. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தாராவி. தகப்பனார் தோல் பை தைக்கும் பட்டறையில் இருக்கிறார். மகள் பி.ஏ. முடித்ததும் பாங்க் பரீட்சை எழுதுவாள் என்று இருந்தவருக்கு, நாடகம் என்றதும் முகம் சுண்டிவிட்டது. ஒரு வருஷம் பார்ப்பது, சரிப்படவில்லை என்றால் பாங்க் பரீட்சை என்று வீட்டில் ஒப்பந்தம். அந்த ஒரு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது.

நாடகங்களுக்கு மூலம் ருஷ்ய எழுத்தாளர் செகாவின் கதைகள். 1860-ல் பிறந்தவர். பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டித் தம்மையும் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டவர். தகப்பனார் மளிகைக் கடை வைத்து, 1876-ல் திவாலாகி ஊரை விட்டே போனவர். செகாவ் டாக்டருக்குப் படித்துக்கொண்டே, குடும்பச் செலவுக்காகப் பத்திரிகைகளுக்குத் துணுக்குத் துணுக்காக எழுதித் தள்ளினார். அந்தக் கதைகள் சிலவற்றை அமெரிக்க நாடகாசிரியர் நீல் சைமன் 1973-ல் 'தி குட் டாக்டர்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். அதைத் தழுவி ரஞ்சித் கபூர் இந்தியில் எழுதியதுதான் 'செகாவ் கி துனியா'. நாடக மாணவர்களுக்கு அது தோதானது. ஒரே ஆள் பல பேராக மாறவேண்டும். யாருக்கு என்ன வரும் என்பது ஒரு மணி நேரத்தில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

முதல் வேஷம் சின்னது. ஒரு குமாஸ்தாவின் மனைவி. அந்தக் கதையை நம் குமாஸ்தா வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1883-ல் செகாவ் எழுதியது. செர்வியாக்கோவ் என்ற குமாஸ்தா நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது தும்மிவிடுகிறார். முன் வரிசையில் இருந்த பெரிய அதிகாரியின் வழுக்கைத் தலையில் சாரல்! மன்னிப்புக் கேட்கிறார். "பரவாயில்லை" என்கிறார் அதிகாரி. குமாஸ்தாவுக்குத் திருப்தி இல்லை. இடைவேளையில் மறுபடி மன்னிப்பு. மறுநாள் அவர் ஆபீசுக்கே போய் மன்னிப்பு. அதற்கு மறுநாளும் மன்னிப்பு. கடைசியில் அதிகாரி பொறுமை இழந்து "வெளியே போ!" என்று கத்த, குமாஸ்தா வீட்டுக்கு வந்து, உத்தியோக உடுப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்து, செத்தே போகிறார். இதில் ஒரு விசேஷம்: கதையில் வரும் அந்த அதிகாரி போக்குவரத்து இலாகாக்காரர். குமாஸ்தாவுக்கும் அந்த இலாகாவுக்கும் சம்பந்தமே கிடையாது. வேறு இலாகா அதிகாரிக்கே இந்தப் பயம் என்றால், சொந்த மேலதிகாரி தலையில் தும்மியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

குமாஸ்தாவாக நடிப்பவன் புனேப் பையன். மனைவி வேஷத்துக்கு மொத்தம் சில வரிகள்தான். அதற்கு அவள் அதிகம் மெனக்கெடவில்லை.

மெனக்கெட்டதெல்லாம் மற்ற இரண்டுக்குத்தான். ஒன்றில் வாய் திறக்கவே தெரியாதவள். இன்னொன்றில் வாய் மூடவே தெரியாதவள்.

வாய் மூடாதவளைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். 1887-ல் வந்த கதை. ஒரு பாங்க் மானேஜர். காலில் கடுமையான வாதநோய். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு அம்மாள் வந்து நிற்கிறாள். புருஷனுக்கு ஐந்து மாதமாக உடம்பு சரியில்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். சம்பளப் பாக்கியில் 24 ரூபிளும் 36 கோபெக்கும் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கொடு என்கிறாள். புருஷன் வேலை பார்த்தது ராணுவ மருத்துவ இலாகாவில். இதுவோ தனியார் பாங்க். "அம்மா, நீங்கள் வந்த இடமே தப்பு" என்று மானேஜர் ஆயிரம் தடவை சொல்கிறார். அவள் காதில் ஏறவில்லை. "நான் திக்கில்லாதவள்" என்ற பல்லவியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுகிறாள், கத்துகிறாள். கடைசியில் மானேஜர் தலையில் அடித்துக்கொண்டு, சொந்தப் பையிலிருந்து 25 ரூபிள் எடுத்து நீட்டுகிறார். தப்பான ஜன்னலில் வந்து நிற்கும் ஆசாமிகளோடு தினமும் மல்லாடும் சிப்பந்திகள் இந்தக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இந்த வேஷத்துக்குக் குரல் அவளிடம் இருந்தது. தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் நின்று வளர்ந்த பெண்ணுக்குக் கத்தத் தெரியாதா? ஆனால் உச்சரிப்பு உதைத்தது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். மும்பை இந்தியைத் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். அது மார்க்கெட்டுக்குப் போதும், மேடைக்குப் போதாது என்றார் ஆசிரியர். நம் எழுத்தில் 'கானா' என்று எழுதினால் ஒன்றுதான். இந்தியிலோ ஒரு 'கானா' சாப்பாடு, ஒன்று பாட்டு, ஒன்று ஒற்றைக்கண்ணன். "வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை" என்று அழவேண்டிய இடத்தில், "பாட்டுக்கு வழியில்லை" என்று கேட்டால் சபை தப்பான இடத்தில் சிரிக்கும்.

அதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசவேண்டும். மூச்சு சேர்ந்த எழுத்து வந்தால் காகிதம் துள்ளும். சாதா எழுத்துக்குச் சும்மா இருக்கும். வீட்டில் சமையல் முடிந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, இரண்டு மாதம் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கு நின்றாள். "பேப்பரை ஊதறதுக்கா இவ்வளவு பீசு?" என்று தகப்பனார் கேட்டாராம். இப்போது காகிதம் அவள் சொன்னபடி கேட்கிறது.

வாய் திறக்காதவள்தான் வழிக்கு வரவில்லை.

அந்தக் கதையும் 1883-தான். பிள்ளைகளுக்கு வீட்டோடு இருந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் ஏழைப் பெண். சம்பளக் கணக்குப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். (கதையில் கணக்குப் போடுவது வீட்டு எஜமானர், நாடகத்தில் எஜமானியம்மாள்.) கதையில் வருகிற கணக்கைக் கேளுங்கள். மாதம் 40 ரூபிள் பேச்சு. "இல்லை, 30-தான்" என்கிறார். இரண்டு மாதம் ஐந்து நாள் வேலை செய்தாள். "இரண்டே மாதம்" என்கிறார். ஆக 60. அதில் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, மூன்று பண்டிகை நாள் கழிவு. பையனுக்கு நாலு நாள் சுகமில்லை, இவளுக்கு மூன்று நாள் பல்வலி, அதற்கும் கழிவு. ஆக 19 போயிற்று, மீதி 41. உடைந்த கோப்பைக்கு 2. பையன் மரமேறிச் சட்டையைக் கிழித்துக்கொண்டதற்கு 10. வேலைக்காரி திருடிய பூட்ஸுக்கு 5. நடுவில் கொடுத்ததாகச் சொல்லும் 10. மீதி 14. "நடுவில் நான் வாங்கியது மூன்றே ரூபிள், அதுவும் அம்மாவிடம்" என்கிறாள் அவள். "அப்படியா, அதை எழுதவே இல்லையே!" என்று அந்த மூன்றையும் கழிக்கிறார். கையில் வைப்பது 11. அவள் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறாள்! "எதற்கு நன்றி?" என்று அவர் சீறுகிறார். "மற்ற இடங்களில் ஒன்றுமே கொடுக்கவில்லை" என்பது பதில். எல்லாம் விளையாட்டு என்று சொல்லி 80 ரூபிளையும் கொடுத்து அனுப்புகிறார். இப்படியும் ஒருத்தி வாயில்லாப் பூச்சியாக இருப்பாளா என்று அவருக்கு ஆச்சரியம். செகாவ் வைத்த தலைப்பே நீர்த்த கூழ் என்று அர்த்தப்படும் ஒரு வசவு.

ஒத்திகையில் அவள் முதல் கழிவுக்கே கண் கலங்கினாள். ஆசிரியர் நிறுத்தினார். "நீ அழுதால் பார்க்கிறவன் அழமாட்டான். இவள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வா." அவ்வளவுதான். நாலு நாள் போயிற்று. மகள் நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், கையைப் பிசைந்து பார்த்தாள். ஒவ்வொன்றையும் ஆசிரியர் நிறுத்தினார். அந்த வேஷத்தை வேறு பெண்ணுக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. மாற்றினால் மிஞ்சுவது ஒன்றேகால் வேஷம். அதை வைத்துக்கொண்டு வீட்டில் இன்னொரு வருஷம் கேட்க முடியாது.

தாயார் மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். ஜாடு, போச்சா, பாத்திரம். இருபது வருஷமாயிற்று. ஒருநாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிப்பதற்கு மராத்தியில் 'காடா' என்று பெயர். வீட்டு வேலை செய்யும் நம் பெண்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும். அந்த மாதம் ஊரில் கோயில் கொடைக்குப் போய்வந்ததில் ஒரு வீட்டில் காடா விழுந்திருந்தது. போனது ஆறு நாள். பிடித்தது எட்டு நாள்.

ஐந்தாம் நாள் ராத்திரி சோறு போடும்போது மகள் கேட்டாள்.

"அம்மா, எட்டு நாளுன்னு அந்தம்மா சொன்னப்போ நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? ஆமான்னேன்."

"கையை என்ன பண்ணுன?"

"ஏட்டி, இது என்ன கேள்வி? கை ஈரமா இருந்துச்சு. முந்தானையில துடைச்சிக்கிட்டு நின்னேன்."

"அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா, தரையப் பாத்தியா?"

தாயார் கொஞ்சம் யோசித்தார். "பர்ஸைப் பாத்தேன்" என்றார். "அவுக எடுக்கிற நோட்டை எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாள் கூட்டிப் பிடிக்காகன்னு எனக்குத் தெரியும். கேட்டா, நாளைக்கு வராதேம்பாக. அந்த ஒரு வீட்டை விட்டா உனக்கு ரயில் பாசு எங்கயிருந்து வரும்?"

மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒத்திகையில் அவள் அழவில்லை. எஜமானியின் கையில் இருந்த பணப்பையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கழிவுக்கும் அவள் உதடு லேசாக அசைந்தது. இவளும் உள்ளே கணக்குப் போடுகிறாள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. கணக்கு தெரியாமல் ஏமாறுகிறவள் அல்ல, தெரிந்தே 'ஆமாம்' என்கிறவள்! கூழ் என்று செகாவின் எஜமானர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். காகிதமும் மூச்சுமாக இரண்டு மாதம் பட்ட பாட்டில் கிடைக்காதது இங்கே ஒரு கேள்வியில் கிடைத்தது. ஆசிரியர் நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை விட்டார். முடிந்ததும், "கையைத் துடைக்கிறாயே, அது நாடகத்தில் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இருக்கட்டும் என்றும் சொன்னார்.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி. இந்த இரண்டு வேஷத்துக்கும் நடுவில் இருப்பது பல் பிடுங்கும் நாடகம் ஒன்றுதான். பத்து நிமிஷம். அதற்குள் கறுப்புக் கவுனைக் கழற்றிச் சால்வையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, ஊமையிலிருந்து கூச்சல்காரியாக மாறவேண்டும். உடை மாற்றம் நாலு நிமிஷத்தில் ஆகிவிடுகிறது. மூச்சு மாறுவதற்குத்தான் மீதி ஆறு நிமிஷம். ஆசிரியைக்கு மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், பாங்க் அம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். திரைக்குப் பின்னால் சுவரைக் கையால் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். மாகிம் ஸ்டேஷனில் அவள் பாதி வழி முனகுவதும் பாதி வழி திட்டுவதும் இந்தப் பழக்கத்துக்குத்தான்.

சனியும் ஞாயிறும் இரண்டு காட்சி. சனிக்கிழமை தகப்பனார் வருகிறார், பட்டறையில் சொல்லிவிட்டார். பாங்க் மானேஜரைத் திட்டுகிற காட்சியைத்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மற்றதைச் சொல்லவில்லை.

தாயாருக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் ஒரு வீட்டில் வேலைக்குப் போகமுடியாது. அதே வீடுதான். நாடகம் என்று சொன்னால் பேச்சு வளரும் என்று, மகளுக்குப் பரீட்சை என்று சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யும் இல்லை.

"ஒரு வேளைதானே, அரை நாள்தானே பிடிப்பாங்க?" என்று மகள் கேட்டாள்.

"அரை நாளாவது ஒண்ணாவது. ஒரு வேளை போகாட்டியும் முழு நாள்தான். மாசம் மூவாயிரம், நாளுக்கு நூறு" என்றார் தாயார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எந்த ரயிலில் வந்தால் முன் வரிசையில் இடம் கிடைக்கும் என்று விசாரித்தார்.