ஒரே நிலநடுக்கம், 6,000 நிலச்சரிவுகள்: ஜப்பானின் அட்சுமா குன்றுகள் வழுக்கி விழுந்தது ஏன்?

2018 செப்டம்பர் 6, அதிகாலை 3 மணி தாண்டி சில நிமிடங்கள். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் அட்சுமா என்ற சிற்றூர் தூங்கிக்கொண்டிருந்தபோது 6.6 அளவில் நிலம் குலுங்கியது. விடிந்ததும் ஹெலிகாப்டரில் இருந்து எடுத்த படங்களில் பச்சைக் குன்றுகள் முழுக்க பழுப்புக் கீறல்கள். 6,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்திருந்தது. அட்சுமாவில் மட்டும் 36 பேர் பலி. பலரும் வயலுக்குப் பின்னால், குன்றின் அடியில் இருந்த வீடுகளில் வசித்தவர்கள்.

இத்தனைக்கும் அவை பயமுறுத்துகிற மலைகளே இல்லை. மரங்கள் அடர்ந்த சின்னச் சின்ன குன்றுகள். அப்புறம் எப்படி?

பிரச்னை சில மீட்டர் ஆழத்தில் இருந்தது. மேற்கே இருக்கும் டருமாயே எரிமலை சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது, இந்தக் குன்றுகள் மீது நுரைக்கல்லைப் போர்வை மாதிரி போர்த்திவிட்டது. பாதம் தேய்க்க வாங்குவோமே, அதே பியூமிஸ் கல்தான். உள்ளே முழுக்க ஓட்டை. ஸ்பாஞ்ச் போல தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலப்போக்கில் இந்த அடுக்கின் அடிப்பகுதி சிதைந்து ஹாலோசைட் என்ற களிமண்ணாக மாறியது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிக் குழாய்கள். அவற்றுக்குள்ளும் தண்ணீர்.

சும்மா இருக்கும்வரை இந்த மண் கெட்டியாகத்தான் நிற்கும். குலுக்கினால் கட்டமைப்பு உடைகிறது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல், மேல்மண்ணின் எடையைத் தானே தாங்கத் தொடங்குகிறது. மண் துகள்களுக்கு இடையிலான பிடிப்பு போய்விடுகிறது. மேலே இருப்பதெல்லாம் மரத்தோடு சேர்ந்து அப்படியே வழுக்கி இறங்குகிறது. மர வேர்கள் இந்த அடுக்குவரை போய்ப் பிடித்திருக்கவில்லை.

முந்தைய நாள்தான் ஜெபி புயல் ஹொக்கைடோ பக்கம் கடந்து போயிருந்தது. அதனால் மழைமீது பழி போடுவது சுலபம். ஆனால் அட்சுமாவில் அப்போது பெய்தது பெருமழை அல்ல. அந்த அடுக்கு ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

பொறியாளர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி. வழக்கமான மண் பரிசோதனையில் மாதிரியை முதலில் காய வைப்பார்கள். ஹாலோசைட் ஒருமுறை காய்ந்துவிட்டால், மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதாவது, லேபில் சோதிக்கப்படுவது குன்றில் இருக்கும் அதே மண் அல்ல. எனவே இந்த வகை மண்ணை ஈரம் போகாமல் எடுத்துவந்து, காய வைக்காமலே சோதிக்க வேண்டும்.

அட்சுமாவுக்கு 2 ஆண்டுகள் முன்பு, 2016 குமாமோட்டோ நிலநடுக்கத்தில் ஆசோ எரிமலைச் சரிவுகளிலும் இதுவே நடந்தது. அங்கே வழுக்கியது சுமார் 30,000 ஆண்டு பழைய நுரைக்கல் அடுக்கு.