ஷெனாய் உண்டு, நாயனம் இல்லை: வீட்டு சிந்தசைசர் குறித்துச் சில குறிப்புகள்

'மெட்டு எங்கிருந்து வருது?' என்று என்னைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கவிதை எழுதுகிற நண்பர்கள். ஆசிரியனின் மரணம் பற்றி ரொலான் பார்த்தை முன்வைத்து விடிய விடியப் பேசக்கூடியவர்கள்தான். இசை என்று வந்துவிட்டால் மட்டும் அருள், ஊற்று, ஞானம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பல்லாவரத்தில் ஓர் ஒற்றை அறையில் ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன், வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பழைய கீபோர்டு இவற்றை வைத்துக்கொண்டு இசை செய்கிறவன் நான். எனக்கு அருள் வந்ததில்லை. வருவது ஒரு பட்டியல்.

கணினியைத் திறந்ததும் மெய்நிகர் வாத்தியங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. எதைச் சொடுக்குகிறேனோ அது என் விரலை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. நீண்டு ஒலிக்கும் தந்தி ஒலியைத் தேர்ந்தால் கை தானாக மெதுவாகிறது. சட்டென்று அறுபடும் ஒலி என்றால் விரல் குதிக்கிறது. நாம் உந்துதல் என்று அழைப்பதில் பாதி இதுதான். ஆகவே பட்டியலைப் போட்டது யார் என்று கேட்காமல் படைப்பு மனம் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு.

1991இல் அமெரிக்க, ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் அமைப்புகள் சேர்ந்து 'ஜெனரல் மிடி' என்ற பொதுப் பட்டியலை வகுத்தன. மொத்தம் 128 ஒலிகள். முதல் 8 இடமும் பியானோ குடும்பத்துக்கு. 105 முதல் 112 வரை 'எத்னிக்' என்ற தலைப்பு. சித்தார், பாஞ்சோ, ஜப்பானின் ஷாமிசென், கோட்டோ, ஆப்பிரிக்கக் கலிம்பா, பேக்பைப், ஃபிடில், கடைசியில் ஷெனாய் என எல்லாரும் அந்த ஒரே கொட்டடியில். நாயனம் இல்லை. பறை இல்லை. ஆனால் 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகாப்டர், 128 துப்பாக்கிச் சூடு. போர்ஹேயின் சீனக் கலைக்களஞ்சியத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பிலிருந்து ஃபூக்கோ ஒரு புத்தகமே எழுதினார். நமக்குச் சிரிப்பு அவ்வளவு எளிதாக வருவதில்லை.

'அது பழைய கதை, இப்பதான் எல்லாம் கிடைக்குதே' என்பார்கள். கிடைக்கிறது. மெய்நிகர் வாத்தியங்கள் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று, நிஜ வாத்தியத்தை அடிக்கு அடி பதிவுசெய்து விசைகளில் அடுக்கி வைப்பது. மற்றது, மின்னலையைக் கணக்காக உற்பத்திசெய்து, வடிகட்டி, வளைத்து ஒலியாக்குவது. முதல் வகையில் பறையும் கிடைக்கும்தான். ஆனால் பறை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றப்படுகிற கருவி. காய்ந்த தோல் கணீரென்கும். அடிக்க அடிக்க, ஈரக்காற்றுப் பட்டு, தளர்ந்து இறங்கும். பதிவு அதில் ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து உறைய வைக்கிறது. ஆறாத பறை என்று ஒன்று உலகத்தில் இல்லை. கணினியில் மட்டும் இருக்கிறது.

இரண்டாம் வகையை 'செயற்கை' என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சரண்ஜித் சிங்கை நினைவூட்ட வேண்டும். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982இல் ரோலண்டின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். அவற்றில் ஒன்றான டிபி-303, தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்ட சின்னப் பெட்டி. அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப்போகும் வசதி உண்டு. அவர் அதை மீண்டாக, நம் பாஷையில் ஜாருவாக, ஆக்கிக்கொண்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகு, சிகாகோவில் 1987 வாக்கில் கிளம்பிய ஆசிட் ஹவுஸுக்கு முன்னோடி என்று மேற்கு கொண்டாடியது. அங்கீகாரமும் அங்கிருந்துதான் இறக்குமதியாக வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

மிடி மொழியில் ஒரு சுரம் என்பது எந்த விசை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, இவ்வளவுதான். கமகமோ இரண்டு விசைகளுக்கு நடுவே இருக்கிறது. இதை உடனே 'மேற்கின் 12 சுரச் சிறை' என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர், 22 சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியை 12ஆகவும் 24ஆகவும் சமமாகப் பகுப்பதே பழந்தமிழ் முறை என்று சிலப்பதிகாரத்தை ஆதாரம் காட்டி வாதாடினார். மேற்கு/தமிழ் என்ற எதிர்மை இங்கே சுலபமாகக் கழன்றுவிடுகிறது. சுரங்களின் எண்ணிக்கையை விடுங்கள். சுரத்தைப் புள்ளியாகப் பார்ப்பதா, பயணமாகப் பார்ப்பதா என்பதில்தான் சண்டை.

எனவே நான் தேர்ந்தெடுப்பது போலி நாயனத்தை அல்ல. சர்ஜ் போன்ற இலவச, திறந்த மூல சிந்தசைசர் ஒன்றை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும்படி வைத்து, வழுக்கலைத் திறந்து, சுருதிச் சக்கரத்தின் எல்லையைக் கூட்டிக்கொள்கிறேன். வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு அரைச் சுரம்தான் நகரும். நான் ஏழு வரை விடுகிறேன். சுருதி அமைப்பையே வேறு கோப்பால் மாற்றவும் அதில் வழி உண்டு. நாயனம் மாதிரி இருக்காது. நாயனம் போகிற பாதையில் போகும். ஒரு பாட்டுக்கு இரண்டு வாத்தியத்துக்கு மேல் திறப்பதில்லை. மீதிக்கு வெளியே ஒலிவாங்கி வைத்தால் போதும். மின்சார ரயிலின் ஹாரன், தலைக்கு மேல் தரையிறங்கும் விமானம்.

பறைக்கு மட்டும் வேறு வழி தேவைப்பட்டது. நாகல்கேணிப் பக்கம், தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டி வசிக்கும் பறைக் கலைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்தேன். காய்ச்சிய உடனிருந்து தளர்கிற வரை நாலு கட்டங்களாகப் பதிவுசெய்து, ஒரே திருகில் அடுக்கினேன். திருகை இறக்கினால் தோல் ஆறும். அவர் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'தம்பி, இத யாருக்கும் காப்பி போட்டுக் குடுத்துடாத. வேணுங்கிறவங்கள என்னக் கூப்புடச் சொல்லு' என்றார்.

என்னிடம் கேட்டவர்கள் மூன்று பேர். மூவருக்கும் அவருடைய தொலைபேசி எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன்.