ரசீதில் ஏறாத செலவு

வியாதிக்கு ஆகும் செலவு என்றால் டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுக்கும் பணம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அல்ஸைமர் நோயில் இக்கணக்குப் பொருந்துவதில்லை. அதில் மருந்துச் செலவு சிறு பகுதியே. பெரும்பகுதி எந்த ரசீதிலும் ஏறாமல், வீட்டிலுள்ள ஒருவருடைய உழைப்பாகக் கழிந்துவிடுகிறது.

ஐம்பது வயதளவில் நினைவு தடுமாறத் தொடங்கிப் பின்னர் இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையைச் சோதித்த ஜெர்மானிய டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர், தாம் கண்டவற்றை 1906-ஆம் ஆண்டில் மருத்துவர் கூட்டம் ஒன்றில் எடுத்துரைத்தார். மூளையில் சில புரதங்கள் முறைகேடாகப் படிய, அதன் உயிரணுக்கள் படிப்படியாக மடிகின்றன. அதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. தொடக்கத்தில் காலையில் உண்டது மறந்துபோகும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தியது நினைவில் நிற்கும். ஆகவேதான், ‘வயதானால் மறதி இயல்பு’ என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். பல்லாண்டு நடந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது மூப்பன்று, நோய். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, ‘மறதி நோய்’ என்னும் வழக்கு உவப்பானதன்று. பெயர் எளிதாயிருப்பதால் நோயும் எளியதென்று தோன்றிவிடுகிறது.

அல்ஸைமர் உள்ளிட்ட அறிவுத் தளர்ச்சி நோய்களால் 2019-ஆம் ஆண்டில் உலகுக்கு நேர்ந்த செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் ஏறக்குறையப் பாதி, உறவினர் கூலியின்றிச் செய்யும் பராமரிப்பின் மதிப்பாகும். அப்பணியில் கழியும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இத்தகைய நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஒரு வீட்டுக்குள் இதன் பொருள் யாது? மாமனார் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலுவலகம் புறப்படுகிறார். கதவைத் தாழிட வேண்டும். அடுப்பருகே விடாமல் காக்க வேண்டும். ஒரே கேள்விக்கு இருபது முறை விடை கூற வேண்டும். சாப்பிட்டவரே ‘எனக்குச் சோறு போடவில்லை’ என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுவார். பழி மருமகளைச் சேரும். சில மாதங்களில் அவள் தன் வேலையை விடுகிறாள். அந்தச் சம்பளமும், பிற்கால ஓய்வூதியமும், அவளுடைய உறக்கமும் இந்நோயின் செலவே. ஊரிலிருக்கும் உடன்பிறந்தார் தொலைபேசியில் ஆலோசனை மட்டும் வழங்குவதும் உண்டு!

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. ஹைதராபாதில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர்க்கு நோயின் தொடக்கம் சராசரி நாலரை ஆண்டு பிந்தியதாகக் கண்டனர். இது நமக்கு நற்செய்தியே. ஆயின் நோய் முற்றும்போது, பிந்திக் கற்ற மொழி நழுவித் தாய்மொழியே எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. முப்பது ஆண்டுகள் டில்லியில் இந்தியில் உரையாடியவர், கூலிக்கு அமர்த்திய பணிப்பெண் இந்தியில் கேட்பதற்குத் தமிழில் விடை தருவார். தண்ணீர் கேட்கிறாரா, வலி என்கிறாரா என்பது அவளுக்கு விளங்காது. ஆகவே பணியாளை அமர்த்தியும் வீட்டாருக்கு விடுதலை கிடைப்பதில்லை. நினைவுச் சோதனையையும் நோயாளிக்கு நன்கு தெரிந்த மொழியிலேயே நடத்துமாறு டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மொழித் தடுமாற்றம் அறிவுத் தடுமாற்றமாகப் பதிவாகிவிடக் கூடாது.

பண விவகாரத்தில் காலந் தாழ்த்தல் ஆகாது. ‘பவர்’ என்று வழங்கும் அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாயிருக்கின்றனர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிவுறுகிறது. தேவைப்படும் வேளையில் அது பயன்படாது. பின்னர் சொந்தப் பணத்தை எடுத்து வைத்தியம் செய்யவே உயர் நீதிமன்றத்தை அணுகிய குடும்பங்கள் உண்டு. தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கை, இருவரில் ஒருவர் இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக மாற்றலாம், உயில் எழுதலாம், வாரிசு நியமனங்களைச் சரிபார்க்கலாம். ஓய்வூதியம் பெறுவோராயின் ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று அளிக்கும் பொறுப்பை எவர் ஏற்பது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துகொள்வது நலம்.