ஈடிபஸ் கதையும் உறவுப்பெயர்களும்

இலக்கியத்தை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராய்வோர் இரண்டு கருத்துகளைப் பெரிதும் கையாளுகின்றனர். ஒன்று, பிராய்டு 1910இல் பெயரிட்ட ஈடிபஸ் சிக்கல். மற்றொன்று, யுங் 1919 முதல் வழங்கிய தொல்படிமம். முன்னது குழந்தைப் பருவத்தில் ஒடுக்கப்பட்ட விருப்பத்தைச் சுட்டும்; பின்னது மனித இனத்திற்குப் பொதுவான கூட்டு நனவிலியின் வடிவத்தைச் சுட்டும். இவை எல்லாப் பண்பாட்டிற்கும் ஒரே வகையில் பொருந்துமா என்பதே சிக்கல்.

ஏ.கே. இராமானுஜன் 1983இல் வெளிவந்த 'இந்திய ஈடிபஸ்' என்னும் ஆங்கிலக் கட்டுரையில், தாம் கேட்டுப் பதிவுசெய்த கன்னட நாட்டார் கதையொன்றை ஆராய்கிறார். தன் மகனையே மணப்பாள் எனத் தலையெழுத்துப் பெற்ற பெண், விதிக்கு அஞ்சிக் காட்டிற்கு ஓடுகிறாள்; ஆயினும் விதி வெல்கிறது. கைவிட்ட குழந்தையைச் சுற்றிய சேலைத் துண்டு, பின்னாளில் கணவன் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. கிரேக்க நாடகத்தில் உண்மையைத் தேடுபவன் மகன். இங்கே கதை தாயின் நோக்கில் செல்கிறது. மேலும், மகன் தந்தையைக் கொல்வதற்கு மாறாக, தந்தைக்காக மகன் இழப்பதே இந்தியக் கதைகளில் மிகுதி என்பார் அவர். யயாதிக்கு இளமையை ஈந்த பூருவும், சந்தனுவுக்காக மணவாழ்வைத் துறந்த பீஷ்மரும் இதற்குச் சான்றுகள். உறுப்புகள் ஒன்றே, அவற்றின் திசை வேறு.

மொழியியலார் கருதத்தக்க இடம் கதையின் இறுதியில் உள்ள தாலாட்டு. தொட்டிற் குழந்தையை அவள் மகனாகவும், பேரனாகவும், கணவனின் தம்பியாகவும் விளிக்கிறாள். உறவுமுறை அமைப்பில் ஒருவரை ஒருவர் ஒரே வேளையில் இம்மூன்று பெயர்களாலும் அழைத்தல் இயலாது. எனவே விலக்கப்பட்ட உறவு, இங்குப் பெயர்களின் மோதலாகவே வெளிப்படுகிறது. பின்னர் அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

இதனை மொழிபெயர்ப்போர் உறவுப்பெயரைத் தேர்வதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தின் 'பிரதர்-இன்-லா', மனைவியின் உடன்பிறந்தான் முதலிய பிற உறவுகளையும் குறிக்கும். தமிழில் 'மைத்துனன்' என்றாலும் அதே மயக்கம் நேரும்; 'கொழுந்தன்' என்பதே பொருத்தமாகும். பெயர் மயங்கினால் மோதல் மறையும். திறனாய்வாளர் கையில் கதைப்போக்கு மட்டுமே எஞ்சும். அதற்குக் கிரேக்கப் பெயரைச் சூட்டுதல் எளிது.

ஆதலின் தொல்படிமத்தை முடிந்த விடையாகக் கொள்ளாது, வினாவாகக் கொள்வதே தக்கது. அதற்கான விடையை மூலத்தின் சொற்களிலேயே தேடுதல் வேண்டும்.